பிரேக் மாற்றும் முன்: பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு பட்டறையில் பிரேக் வேலை பார்க்கிறேன். வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளும், காடியை (காரை) ஜாக்கியில் ஏற்றிய பிறகு பக்கத்தில் நின்று கேட்கிற கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே பதிலைத் தினம் நாலு பேருக்குச் சொல்வதைவிட எழுதி வைத்துவிட்டால் அனுப்பிவிடலாமே என்று தோன்றியது. மைவி, சாகா, வீரா, சிவிக் மாதிரி தினமும் வேலைக்கு ஓட்டிப் போகிற காடிகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். பந்தயக் காடி வைத்திருப்பவர்களுக்கு என் உதவி தேவைப்படாது.

அண்ணே, காடி நிற்கவே மாட்டேன் என்கிறது. என்ன பிரேக் போடலாம்?

எப்போது நிற்கவில்லை? அதைச் சொல்லுங்கள் முதலில்.

மிதியை அமுக்கினால் பஞ்சு மாதிரி உள்ளே போகிறதா? பிரேக் ஆயிலில் காற்று இருக்கும், இல்லாவிட்டால் ரப்பர் ஓஸ் பழசாகி உப்பியிருக்கும். மிதி கல் மாதிரி இருந்தும் காடி நிற்காமல் போகிறதா? பேட் (சக்கரத்தோடு சுழல்கிற டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இறுக்கிப் பிடிக்கிற துண்டு) தேய்ந்து கண்ணாடி போலப் பளபளத்திருக்கலாம், மிதிக்குப் பலம் சேர்க்கிற பூஸ்டருக்குப் போகிற வேக்குவம் ஓஸ் கசியலாம். பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். சாயங்கால மழையில் மட்டும் வழுக்கினால் டயரைப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து புறப்படும்போது நன்றாகப் பிடித்த பிரேக், கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் பிடிக்காமல் போனால் அது சூட்டுக் கோளாறு.

இத்தனையில் பெரிய பிரேக் தீர்க்கக்கூடியது கடைசி ஒன்றைத்தான். அதற்கும் முதல் மருந்து வேறு, கீழே வருகிறது. போன வருடம் ஒரு தம்பி வாஜாவைக் கொண்டுவந்து ‘ஃபோர் பாட்’ கேலிப்பர், அதாவது பேடை டிஸ்க்கின் மேல் அமுக்குகிற நாலு பிஸ்டன் கவ்வி, வேண்டும் என்றார். சக்கரத்தைக் கழற்றினால் முன் பேட் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை, ஒரு பக்கக் கேலிப்பர் நகர்வதற்கான கம்பியான ஸ்லைடு பின் துருப்பிடித்து அசையவே இல்லை. பின்னைத் துடைத்துப் புது ரப்பரும் புது பேடும் போட்டேன். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது. சிவப்புக் கேலிப்பர் வாங்க இனிமேல் காரணம் இல்லையே!

பெரிய டிஸ்க் போட்டால் காடி சீக்கிரம் நிற்குமா?

ஒரே ஒரு தடவை அவசரமாக நிறுத்துகிற தூரத்தைக் கேட்கிறீர்கள் என்றால், பெரும்பாலும் இல்லை. 

வெறும் ரோட்டில், பின்னால் யாரும் வராத நேரத்தில், 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓங்கி மிதித்துப் பாருங்கள். சக்கரம் கட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் காலடியில் தடதடக்கிறதா? ஏபிஎஸ் இல்லாத பழைய வீரா என்றால் டயர் கட்டிக்கொண்டு கீச்சிடுகிறதா? அப்படியானால் டயர் தாங்குகிற அளவுக்கு உங்கள் பிரேக் ஏற்கெனவே கொடுத்துவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் ஏபிஎஸ் இன்னும் சீக்கிரம் தடதடக்கும், அவ்வளவுதான். நிறுத்துகிற தூரம் குறைய வேண்டுமானால் காசு டயருக்குப் போக வேண்டும்.

டயர் விஷயத்தில் நம் ஆட்கள் செய்கிற கஞ்சத்தனம் எனக்குப் புரிவதே இல்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்து பிரேக் போட்டவர் காடியில் ஏழு வருடப் பழைய டயர் இருக்கும். டயர் பக்கவாட்டில் நான்கு எண் குத்தியிருக்கும். 2319 என்று இருந்தால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் செய்தது. டயர் பூவின் பள்ள ஆழத்துக்குச் சட்ட வரம்பு 1.6 மில்லிமீட்டர். நம்மூர் மழைக்கு அந்த வரம்பு வரை காத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து.

அப்படியென்றால் பெரிய டிஸ்க் எதற்குத்தான்?

சூட்டுக்கு. ஓடுகிற காடியின் வேகத்தைச் சூடாக மாற்றுவதுதான் பிரேக்கின் வேலை. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு ஆகும். அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ள இரும்பு வேண்டும், காற்றில் விட்டுவிட இடம் வேண்டும். பெரிய, தடித்த, நடுவில் காற்று போகிற டிஸ்க் இரண்டையும் தருகிறது.

கணக்காகச் சொன்னால் புரியும். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ இருக்கிற மைவியை, நெடுஞ்சாலை வேக வரம்பான 110இலிருந்து ஒரு தடவை முழுசாக நிறுத்தினால் ஏறக்குறைய 560 கிலோஜூல் சூடு. அதே மைவி 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற்ற வேண்டியது 11,700 கிலோஜூலுக்கு மேல். அதாவது 110இலிருந்து 21 தடவை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம். கெந்திங் உச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர், கோலாலம்பூரோ கிட்டத்தட்ட அடிவாரம். காற்றும் டயர் உருளும் தடையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை இன்ஜினுக்குக் கொடுக்கிறீர்களா, பிரேக்குக்குக் கொடுக்கிறீர்களா என்பது உங்கள் கையில்.

சூட்டுக் கோளாறுக்கு முதல் மருந்து வேறு என்று சொன்னேனே, அது கியர். ஆட்டோ காடியை டி-யில் போட்டுக்கொண்டு மலை முழுக்கப் பிரேக்கைத் தேய்த்தபடி இறங்கினால் எந்த பிரேக்கும் வேகும். எல், 2, எஸ், உங்கள் கியரில் எது இருக்கிறதோ அதற்கு மாற்றி, இன்ஜினை உறும விட்டு இறங்குங்கள். பிரேக்கை விட்டு விட்டு அழுத்தமாகப் பிடியுங்கள். உறுமினால் இன்ஜின் கெட்டுவிடும் என்று பயப்படுகிற மாமாக்கள் நிறைய இருக்கிறார்கள். இன்ஜின் சுற்றைக் காட்டுகிற டாக்கோமீட்டர் சிவப்பைத் தொடாத வரை ஒன்றும் ஆகாது.

அப்படி இறங்கியும் பிடி போகிறது, அல்லது வாரா வாரம் உலு யாம் மலை ரோட்டுப் பக்கம் விரட்டுகிறீர்கள், வருடத்துக்கு நாலு தடவை செப்பாங் சர்க்யூட்டில் ஓட்டுகிறீர்கள் என்றால், பெரிய டிஸ்க் பற்றிப் பேசலாம். செப்பாங்கின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். இரண்டு நீளமான நேர்ப்பாதைகளின் முடிவிலும் கெட்டியாகப் பிடித்தே ஆக வேண்டும். அங்கே ஸ்டாக் பேடோடு (காடியோடு வந்த அசல் பேடோடு) போன மைவிகள் மூன்றாவது சுற்றிலேயே புகையோடு திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

கையில் காசு கொஞ்சம்தான். எந்த வரிசையில் செய்யலாம்?

இருப்பதைச் சரி செய்வது முதலில். ஸ்லைடு பின், ரப்பர் பூட், கசிவு, பின் சக்கர டிரம் பிரேக்கின் அட்ஜஸ்ட்மென்ட். அப்புறம் பிரேக் ஆயில். அப்புறம் டயர். அப்புறம் நல்ல பேட். இவ்வளவும் செய்துவிட்டு ஒரு மாதம் ஓட்டுங்கள். பத்தில் எட்டுப் பேர் அதோடு நின்றுவிடுவார்கள். மீதி இரண்டு பேருக்காகத்தான் கீழே இருக்கிற பெரிய வேலைகள்.

பேட் எப்படித் தேர்ந்தெடுப்பது? கடையில் ‘செராமிக்’, ‘ரேசிங்’ என்று என்னென்னவோ சொல்கிறார்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் பெயரை விடுங்கள். பேடின் ஓரத்திலோ முதுகிலோ நீளமாக ஓர் அச்சு இருக்கும், அதன் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து: ஈஈ (EE), எஃப்எஃப் (FF), ஜிஜி (GG) என்று. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் எவ்வளவு பிடி, இரண்டாவது நல்ல சூட்டில் எவ்வளவு பிடி என்று சொல்கிறது. ஈ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை. எஃப் 0.35 முதல் 0.45. ஜி 0.45 முதல் 0.55. ரோட்டில் ஓடுகிற காடிக்கு எஃப்எஃப் போதும். இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் கீழே இறங்கியிருந்தால், சூடானதும் பிடி குறைகிற பேட் என்று அர்த்தம். மலைக்குப் போகிறவர்கள் அதை வாங்காதீர்கள். ஒரே எழுத்து போட்ட இரண்டு பேட் காலுக்கு ஒரே மாதிரி இருக்கும் என்று நினைக்க வேண்டாம், இது சின்னத் துண்டை வைத்துச் செய்கிற சோதனைதான். ஆனாலும் கடைக்காரர் வாயைவிட நம்பகமானது.

வட்டத்துக்குள் ‘ஈ’ எழுத்து, பக்கத்தில் ஓர் எண், அப்புறம் 90ஆர் என்று இருந்தால் இன்னும் நல்லது. ஐக்கிய நாடுகளின் 90ஆவது விதிமுறைப்படி சோதித்தது என்று பொருள். அந்த விதிப்படி மாற்று பேடின் பிடி, அசல் பேடிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது. 

ரேசிங் பேட் பற்றி ஒரு வார்த்தை. அது சூடானால்தான் பிடிக்கும். காலையில் தாமானை (குடியிருப்பை) விட்டு வெளியே வருகிற முதல் சிக்னலில் அது குளிர்ந்துதான் இருக்கும். அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தால் ஸ்டாக் பேடைவிட மோசமாக நிற்கும். கீச்சுச் சத்தம், ரிம் முழுக்கக் கறுப்புத் தூள், சீக்கிரம் தேய்கிற டிஸ்க், இதெல்லாம் கூடவே வரும். செப்பாங்குக்குப் போகிற அன்று மாற்றிக்கொள்ளுங்கள், திரும்பி வந்ததும் கழற்றுங்கள். செராமிக் பேட் தூள் குறைவு, சத்தம் குறைவு. சொகுசாக ஓட்டுகிறவர்களுக்கு நல்லது.

போலி பேட் சந்தையில் உண்டு. பெட்டி அச்சு மங்கலாக, எழுத்துப் பிழையோடு, விலை பாதியாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிரேக் ஆயில் டாட் 3, டாட் 4, டாட் 5.1. எது?

டாட் என்பது பிரேக் ஆயிலின் தரப் பெயர். பெரும்பாலானவர்களுக்கு டாட் 4.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நம்மூர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? ஈரம் சேரச் சேர ஆயில் கொதிக்கிற சூடு இறங்கும். கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ் உண்டாகும், குமிழை அமுக்கினால் அது சுருங்குமே தவிரக் கேலிப்பரைத் தள்ளாது. மிதி தரை வரை போய்விடும். தரக்கட்டுப்பாட்டின் குறைந்தபட்ச அளவு இது: புது டாட் 3 கொதிப்பது 205 டிகிரியில், ஈரம் ஏறியபின் 140இல். டாட் 4க்கு 230, ஈரத்தோடு 155. டாட் 5.1க்கு 260, ஈரத்தோடு 180. அதாவது கவனிக்காமல் விட்ட டாட் 4 ஆயில், புது டாட் 3ஐவிட மோசம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முழுசாக மாற்றுங்கள். ஐம்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) முன்னே பின்னே ஒரு போத்தல், ஒரு மணி நேர வேலை. இந்தப் பட்டியலிலேயே மலிவான வேலை இதுதான், ஆனால் கேட்டு வருகிறவர்தான் குறைவு.

டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு, அது சிலிக்கான். 5.1 என்று நினைத்து அதை வாங்கி ஊற்றிவிடாதீர்கள். மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களிடம் வந்த ஒரு சாகாவில், மிதித்ததும் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் பம்ப்பின் மூடி ரப்பர் இரண்டு மடங்காக உப்பியிருந்தது. வேறெங்கோ யாரோ கியர் ஆயிலைத் தெரியாமல் ஊற்றிவிட்டார்கள். பெட்ரோலியம் சேர்ந்த எந்த ஆயிலும் பிரேக் ரப்பரைத் தின்றுவிடும். மாஸ்டர் பம்ப், கேலிப்பர் ரப்பர், ஓஸ், பின் சிலிண்டர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஸ்லைடு பின்னுக்கும் சாதாரணக் கிரீஸ் பூசாதீர்கள். அதற்கென்றே சிலிக்கான் கிரீஸ் இருக்கிறது.

இரும்புப் பின்னல் ஓஸ் போட்டால் வித்தியாசம் தெரியுமா?

காலுக்குத் தெரியும், தூரத்தில் தெரியாது. ரப்பர் ஓஸ் அழுத்தத்தில் கொஞ்சம் உப்பும், பின்னல் ஓஸ் உப்பாது, அதனால் மிதி கெட்டியாக இருக்கும். பத்து வருடத்துக்கு மேலான காடி என்றால் எப்படியும் ஓஸ் மாற்ற வேண்டும், அப்போது போட்டுக்கொள்ளலாம். நல்ல இடத்தில் செய்ததாக, காடிக்குச் சரியான நீளமாக இருக்க வேண்டும். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, ஓஸ் எங்கும் இழுபடாமல் உரசாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு தடவையும் செம்பு வாஷரைப் புதுசாகப் போடச் சொல்லுங்கள்.

ஓட்டை போட்ட டிஸ்க் நல்லதா, கீறல் போட்டதா?

சாதாரண டிஸ்க்.

சரி, காரணம் சொல்கிறேன். ஓட்டை போட்டால் இரும்பு குறைகிறது. மேலே சொன்னபடி சூட்டை வாங்குவது இரும்பு. மலிவான டிஸ்க்குகளில் ஓட்டையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு வரும், அது இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில் சேர்ந்துகொண்டால் டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கீறல் போட்டது பரவாயில்லை. பேடின் மேல்தோலைச் சுரண்டிச் சுத்தமாக வைத்திருக்கும், பேட் கொஞ்சம் வேகமாகத் தேயும். ரிம் வழியாகத் தெரிகிற அழகுக்காக வேண்டும் என்றால் கீறலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பொத்தோங் கடையில் ஃபோர் பாட் கேலிப்பர் பார்த்தேன். வாங்கலாமா?

பொத்தோங் கடை என்றால் பழைய காடிகளை வெட்டிச் சாமான் விற்கிற கடை. வாங்கலாம், பார்த்து வாங்க வேண்டும். நம் நாட்டில் பிரேக் மாற்றம் என்பதே பாதிக்கு மேல் ஜப்பானிலிருந்து வருகிற ஹாஃப் கட் (பாதியாக வெட்டிய பழைய காடி) சாமான்களை வைத்துத்தான். 

முதல் கேள்வி, உங்கள் காடிக்கு ஜப்பானில் அண்ணன் இருக்கிறானா? வீராவுக்கு இருக்கிறான். 1993இல் வந்த வீரா, மிட்சுபிஷி லான்சரின் உடம்பில் செய்தது. அதனால்தான் இந்தக் காடியில், லான்சரின் வேக ரகமான எவோவின் சாமான் போடுகிற பழக்கமே வந்தது. எவோ 3இன் முன் டிஸ்க் 276 மில்லிமீட்டர், இரட்டைப் பிஸ்டன் கேலிப்பர். அண்ணன் தம்பி என்றாலும் அப்படியே மாட்டிவிட முடியாது: சாதாரண வீரா நாலு நட்டு, எவோ ஐந்து நட்டு. ஹப் (சக்கரம் மாட்டும் மையம்), நக்கல் (ஹப்பைத் தாங்கும் இரும்பு), ரிம் என்று ஒன்றை மாற்றப் போய் மூன்றை மாற்றுவீர்கள். இல்லையென்றால் டிஸ்க்கை நாலு நட்டுக்குத் துளைக்க வேண்டும். அப்படித் துளைப்பதை லேத்தில் மையம் பார்த்துச் செய்யாவிட்டால் ஆயுசுக்கும் ஸ்டீயரிங் நடுங்கும். எஃப்டி மாடல் சிவிக் வைத்திருப்பவர்களுக்கு அதன் வேக ரகமான எஃப்டி2ஆரின் (டைப் ஆர்) பிரெம்போ கேலிப்பர் இருக்கிறது, 320 மில்லிமீட்டர் டிஸ்க். சிவிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், விலையைக் கேட்கும் வரை. 

மைவிக்கு அப்படிச் சுலபமாகக் கிடைக்கிற பந்தய அண்ணன் கிடையாது. யாராவது பிராக்கெட் செய்து மாட்டித் தருவார்கள். அந்த பிராக்கெட்தான் உங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் துண்டு. வெட்டி வெல்டிங் செய்ததாக இருந்தால் வேண்டாம், முழுத் துண்டிலிருந்து கடைந்ததாக இருக்க வேண்டும். போல்ட் தலையில் 10.9 என்று குத்தியிருக்கிறதா பாருங்கள். கேலிப்பரின் நடுவில் டிஸ்க் சரியாக உட்கார வேண்டும், இரண்டு பக்க இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை: பிஸ்டன் முகத்தில் துருக் குழி இருக்கிறதா, பூட் கிழிந்திருக்கிறதா, காற்றெடுக்கும் நிப்பிள் அசைகிறதா, போல்ட் மரை தேய்ந்திருக்கிறதா. பெயின்ட் பழுப்பாகிக் கருகியிருந்தால் நன்றாக வெந்த கேலிப்பர். புதுசாகப் பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தாலும் சந்தேகப்படுங்கள், கருகலை மறைக்க அடித்திருக்கலாம். எப்படி இருந்தாலும் மாட்டுவதற்கு முன் ரிப்பேர் கிட் போட்டே ஆக வேண்டும். அந்த மாடலுக்கு ரப்பரும் பேடும் இங்கே சுலபமாகக் கிடைக்குமா என்று காசு கொடுப்பதற்கு முன் கேளுங்கள். கேலிப்பர் வாங்கிவிட்டுப் பேடுக்காக ஒரு மாதம் காத்திருந்தவரை எனக்குத் தெரியும்.

மாட்டிய பிறகு ஒன்றைக் கவனியுங்கள்: காற்றெடுக்கும் நிப்பிள் மேல் பக்கம் இருக்க வேண்டும். இடது, வலது மாறிப் போனால் கேலிப்பர் பொருந்தும், நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலே தங்கிக்கொள்ளும், நாள் முழுக்கக் காற்றெடுத்தாலும் மிதி கெட்டியாகாது. கற்றுக்கொள்கிற காலத்தில் நானே இதைச் செய்திருக்கிறேன். ராத்திரி பத்து மணி வரை காற்றெடுத்துக் களைத்தபின் தவுக்கே (முதலாளி) வந்து பார்த்துச் சிரித்தார்.

ஃபோர் பாட் போட்டபின் மிதி ஆழமாகப் போகிறதே?

கணக்கு அப்படித்தான். ஒற்றைப் பிஸ்டன் கேலிப்பரில் 54 மில்லிமீட்டர் பிஸ்டன் என்று வையுங்கள், பரப்பு ஏறக்குறைய 22.9 சதுர சென்டிமீட்டர். ஃபோர் பாட்டில் ஒரு பக்கத்துப் பிஸ்டன்களை மட்டும் எண்ண வேண்டும். இரண்டும் 40 மில்லிமீட்டர் என்றால் 25.1, அதாவது பத்து விழுக்காடுதான் அதிகம், கால் சமாளித்துக்கொள்ளும். இரண்டும் 43 மில்லிமீட்டர் என்றால் 29 ஆகிவிடும், 27 விழுக்காடு அதிகம். அவ்வளவு அதிக ஆயிலை அதே மாஸ்டர் பம்ப் தள்ள வேண்டும், அதனால் மிதி ஆழம் போகிறது.

உடனே பெரிய மாஸ்டர் பம்ப் போடச் சொல்வார்கள். முக்கால் இன்ச்சுக்கு மேலே எட்டில் ஏழு, பதினாறில் பதினைந்து, ஒரு இன்ச் என்று கிடைக்கும். எட்டில் ஏழிலிருந்து ஒரு இன்ச்சுக்குப் போனால் பரப்பு 30 விழுக்காடு கூடும். மிதி மேலே வரும், ஆனால் அதே அழுத்தம் கிடைக்க முன்பைவிட 30 விழுக்காடு பலமாக மிதிக்க வேண்டும். வீட்டில் அம்மாவும் ஓட்டுகிற காடியாக இருந்தால் இதை நினைத்துப் பாருங்கள். கூடுமானவரை பழைய கேலிப்பரின் பரப்புக்கு அருகில் இருக்கிற கேலிப்பரைத் தேர்ந்தெடுங்கள், பம்ப்பைத் தொடவே வேண்டியிருக்காது. ‘எத்தனை பாட்’ என்று கேட்பதைவிட ‘பிஸ்டன் எத்தனை மில்லிமீட்டர்’ என்று கேட்டால் கடைக்காரரும் உங்களை வேறு மாதிரிப் பார்ப்பார்.

என் ரிம் பொருந்துமா?

தோராயமாக, 15 இன்ச் ரிம்முக்குள் 280 மில்லிமீட்டர் டிஸ்க் வரை, 16க்குள் 300 வரை, 17க்குள் 330 வரை. ஆனால் இடிப்பது பெரும்பாலும் டிஸ்க் இல்லை, கேலிப்பரின் முதுகு ரிம் கம்பியில் இடிக்கும். ஒரே 16 இன்ச்சில் ஒரு டிசைன் பொருந்தும், இன்னொன்று பொருந்தாது. அட்டையில் கேலிப்பர் வடிவத்தை வெட்டி ரிம்முக்குள் வைத்துப் பார்ப்பது பழைய வழி, இன்றைக்கும் சரியான வழி. எல்லாப் பக்கமும் மூன்று மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். சக்கரத்தைப் பேலன்ஸ் செய்ய ரிம்முக்குள் ஒட்டிய எடைக் கட்டை இருந்தால், அது இடிபட்டுப் பறந்து போகிற இடம் இதுதான்.

பின்னால் டிரம். டிஸ்க்காக மாற்றட்டுமா?

வேண்டாம். முன்சக்கர இழுவைக் காடியில் பிரேக் பிடித்ததும் எடை முழுக்க முன்னால் சாய்கிறது, பின் சக்கரத்துக்கு வேலை குறைவு. 2017இல் வந்த மைவிக்கும் பின்னால் டிரம்தான். சரியாக அட்ஜஸ்ட் செய்த டிரம் போதும். மாற்றினால் ஹேண்ட்பிரேக் கேபிள் தலைவலி வேறு.

முன்னால் மட்டும் பெரிசாக்கினால் பரவாயில்லையா?

கொஞ்சம் என்றால் பரவாயில்லை. ரொம்பப் பெரிசாக்கினால் முன் டயர் எல்லையைத் தொட்டுவிடும், பின் பிரேக் முழு வேலை செய்வதற்குள் ஏபிஎஸ் வந்துவிடும். பெரிய செலவு செய்து நிறுத்தும் தூரத்தைக் கூட்டிக்கொண்டவர்கள் இப்படித்தான். அதைவிட ஆபத்து பின்னால் பெரிசாக்குவது. மழையில் பின் சக்கரம் முதலில் கட்டிக்கொண்டால் காடி சுற்றிவிடும். தொழிற்சாலை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு பிரித்து வைத்திருக்கிறது, அதை ரொம்பக் கலைக்காதீர்கள்.

பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. டிஸ்க் வளைந்துவிட்டதா?

எல்லாரும் ‘வளைந்துவிட்டது’ என்கிறோம். பெரும்பாலும் டிஸ்க்கின் தடிமன் ஒரு சுற்றில் இங்கே கூட அங்கே குறைய ஆகியிருக்கும், அல்லது பேடின் பொருள் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். சூடான பிரேக்கோடு டோலில் நின்றபடி மிதியை அமுக்கிக்கொண்டே இருப்பது ஒரு காரணம். டிஸ்க்கை மாட்டும்போது ஹப்பில் இருந்த துருவைத் துடைக்காமல் மாட்டுவது இன்னொரு காரணம். இதைப் பட்டறைகள்தான் செய்கின்றன, ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்கிம் போடலாம், அதாவது டிஸ்க்கின் முகத்தைக் கடைந்து சமமாக்கலாம். டிஸ்க் ஓரத்தில் குறைந்தபட்ச தடிமன் குத்தியிருக்கும். ஸ்கிம் போட்ட பிறகும் அதற்கு மேல் இருக்க வேண்டும், அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்காமல் ஸ்கிம் போடுகிற இடத்திலிருந்து காடியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

புது பேடை எப்படிப் பழக்குவது?

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, வெறிச்சோடிய தொழிற்பேட்டை ரோடு. 60இலிருந்து 10 வரை நிதானமாக, அழுத்தமாகப் பிடியுங்கள். முழுசாக நிறுத்தாமல் மறுபடி வேகமெடுங்கள். இப்படி எட்டு, பத்துத் தடவை. கருகல் வாடை வரும், பயப்பட வேண்டாம். அப்புறம் பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது கழுவாதீர்கள். இதைச் செய்யாமல் ‘புது பேட் பிடிக்கவில்லை’ என்று திரும்பி வருகிறவர்களுக்கு நானே ஓட்டிக் காட்டியிருக்கிறேன்.

சிவப்பு பிளாஸ்டிக் கேலிப்பர் கவர்?

சூட்டை உள்ளேயே அடைக்கும், கழன்றால் ரிம்மில் சிக்கும். பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள்.

சாலைப் போக்குவரத்து இலாகா பிடிக்குமா? காப்புறுதி?

பேட், ஆயில், ஓஸ், அதே அளவு டிஸ்க், இவை பராமரிப்பு வேலை. கேலிப்பரும் டிஸ்க் அளவும் மாறினால், 1987ஆம் வருட சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளை இலாகாவிடமே கேட்டுத் தெளிவாக்கிக்கொண்டு செய்யுங்கள். காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். விபத்துக்குப் பிறகு அவர்களே கண்டுபிடிப்பதைவிட முன்பே சொல்வது மலிவு. காடியை விற்றுப் பெயர் மாற்றும்போது புஸ்பாகோம் மாதிரியான காடிச் சோதனை நிலையத்தில் உருளையில் ஏற்றிப் பிரேக்கை அளப்பார்கள், ஹேண்ட்பிரேக்கையும் சேர்த்து. திருப்பி மாட்ட வேண்டி வந்தால் என்று, பழைய கேலிப்பர்களை எறியாமல் துணியில் சுற்றி வீட்டு ஸ்டோரில் வைத்திருங்கள்.

மாட்டியாகிவிட்டது. முதல் வாரம் எதைப் பார்க்க வேண்டும்?

முதல் நாள் காலையில் காடி நின்ற இடத்தில், சக்கரத்துக்குக் கீழே ஈரம் இருக்கிறதா பாருங்கள். ஆயில் டப்பாவில் அளவுக் கோட்டை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து ஒப்பிடுங்கள், இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. நீளமாக ஓட்டி வந்தபின் நாலு ரிம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தக் கேலிப்பர் பிடியை விடவில்லை. 200 கிலோமீட்டர் ஓடியதும் ரிம் நட்டுகளையும் கேலிப்பர் போல்ட்டுகளையும் இறுக்கத்தை அளக்கிற டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும். எங்களிடம் மாட்டியவர்கள் கொண்டுவந்தால் காசு கிடையாது. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை மட்டும் வராதீர்கள், சாப்பிடப் போயிருப்பேன்.